யாளி யாருடையது?

எங்கள் வீட்டில் எனக்குச் சட்டம் பேசுகிறவள் என்று பெயர். பல்லாங்குழியில் ஒரு முத்து தவறி அடுத்த குழியில் விழுந்தால்கூட விடமாட்டேன். தாயக்கட்டை சுவரில் மோதிச் சாய்ந்து நின்றால் அது செல்லுமா செல்லாதா என்று கேட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னைத் தேடித்தான் வருவார்கள். ஆத்தாவுக்கு இது பிடிக்காது. "இவளக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்பாள். அப்பச்சிக்கு மட்டும் உள்ளூரப் பெருமை. எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா என்போம், அப்பாவை அப்பச்சி என்போம், அக்காவை ஆச்சி என்போம். அந்தக் கணக்கில் தம்பிக்கு நான் ஆச்சி. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன், அவன் இரண்டாம் வகுப்பு.

காரைக்குடியில் அப்போதுதான் கேபிள் டிவிக்காரர்கள் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடை விடுமுறையில் பினாங்கிலிருந்து பெரியப்பச்சியும் பெரியாத்தாவும் வந்தார்கள். பெரியப்பச்சி என் அப்பச்சியின் அண்ணன். வழக்கமாகக் கல்யாணம் காட்சி என்றால்தான் வருவார்கள். இந்தத் தடவை எந்த விசேஷமும் இல்லாமல் வந்து, முற்றத்தைச் சுற்றிய வளவில் பூட்டியே கிடந்த அவர்கள் அறையைத் திறந்து, துடைத்து, தங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வந்தால் எங்களைத்தான் கொஞ்சுவார்கள். எனக்கு ஒரு பேனாப் பெட்டி, தொட்டிலில் கிடந்த சின்னத் தம்பிக்கு ஒரு சட்டை, பெரிய தம்பிக்கு மட்டும் பளபளவென்று ஒரு டப்பா. அதற்குள் இரண்டு கட்டுச் சீட்டு இருந்தது.

அது நாம் பார்த்த சீட்டு இல்லை. ராஜா ராணி கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு படம்: தாடி வைத்த மந்திரவாதி, மூன்று கண் ஆமை, தண்ணீருக்குள்ளிருந்து நீளும் கை. இறக்கை முளைத்து நெருப்புக் கக்கும் பிராணி ஒன்றும் இருந்தது. கோயில் தூணில் பார்த்த சாயல் தெரிந்ததால் அதற்கு யாளி என்று பெயர் வைத்தோம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் நாலு வரி. டப்பாவுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு விதிப் புத்தகமும் இருந்தது. தம்பி படத்தை எடுத்துக்கொண்டான். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

அப்பச்சியின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். விளையாட்டு என்னவோ சுலபம்தான். ஆளுக்கு ஒரு கட்டுச் சீட்டு, இருபது உயிர். அதைப் புளியங்கொட்டையில் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். முறை வரும்போது ஒரு சீட்டை இறக்கலாம், பிறகு நம் பிராணியில் ஒன்றை எதிராளி மேல் ஏவலாம். எதிராளி தன் பிராணியை விட்டுத் தடுக்காவிட்டால், அதன் பலம் எவ்வளவோ அவ்வளவு கொட்டையை அவர் இழப்பார். கொட்டை தீர்ந்தவர் தோற்றார். சிக்கல் எல்லாம் ஒரு சீட்டின் விதியும் இன்னொரு சீட்டின் விதியும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான். எனக்குப் பிடித்ததும் அந்த இடம்தான்.

முதல் சண்டை மாயக்கயிற்றால் வந்தது. மாயக்கயிறு என்று ஒரு சீட்டு. அதை எதிராளியின் பிராணி மேல் போட்டால், பிராணி கட்சி மாறி நம் பக்கம் வந்து நமக்காகச் சண்டை போடும். தம்பி அதை என் ஆமை மேல் போட்டு இழுத்துக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் ஆமையைத் திருப்பித் தர மாட்டேன் என்று சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். நான் விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். அதில் இரண்டு ஆட்களைப் பற்றிச் சொல்லியிருந்தது. சீட்டை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர் அதை உடையவர். இப்போது அது யார் பக்கம் நிற்கிறதோ அவர் அதை ஆள்பவர். ஆள்பவர் ஆட்டத்தின் நடுவே மாறலாம். உடையவர் மாறுவதில்லை.

"கயித்தப் போட்டதும் அது எனக்குல்ல வந்துருச்சு" என்று அழுதான்.

"வந்துச்சு. ஆனா ஒன்னோடது இல்ல" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே ஆமையைக் கொடுத்தான். பெரியப்பச்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்டதும் அவரும் எங்களோடு வளவில் பாய் போட்டு உட்கார்ந்துவிடுவார். தம்பியிடம் வேண்டுமென்றே தோற்பார். என்னிடம் தோற்க மாட்டார். பினாங்கில் சீட்டு விற்ற கடைப் பையனிடமே உட்கார்ந்து ஆடக் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். எங்களோடு பேச ஏதாவது வேண்டும் என்றுதான் கற்றிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டில் என்னவோ நடக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. தம்பியின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தார்கள். பெரியாத்தா அவன் கழுத்தில் ஒரு சங்கிலி போட்டுவிட்டார். அவனுக்கு மட்டும் சரிகை வேட்டி வாங்கினார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் காலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது, பெரியாத்தா என் பக்கம் முதுகைக் காட்டி நின்று ஆத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒனக்குத்தான் தொட்டில்ல இன்னொண்ணு கிடக்குல்ல. எங்களுக்கு யாரு இருக்கா, சொல்லு? ராசாவாட்டம் வச்சுக்குவோம்."

ஆத்தா பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று கருகி வாடை வரும் வரைக்கும் அதைத் திருப்பவில்லை.

எங்கள் பக்கம் இது புதிது இல்லை. பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைச் சுவீகாரம் எடுப்பார்கள். நல்ல நாள் பார்த்து, உறவு எல்லாம் கூடியிருக்க, பெற்றவர்கள் கொடுத்தோம் என்பார்கள், எடுப்பவர்கள் வாங்கிக்கொண்டோம் என்பார்கள். பையன் மஞ்சள் தண்ணீர் குடிப்பான். குடித்துவிட்டால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. வேறு வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் நின்று லட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் நடக்கும் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். தம்பியை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்விடப் போகிறார்கள்.

அவனோடு சண்டை போடாத நாள் கிடையாது. ஆனாலும் என் பின்னல் மாதிரி எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறவன் அவன். பாயில் என் பக்கத்தில்தான் படுப்பான். அவன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அவனோ விமானத்தில் ஜன்னல் ஓர இடம் கிடைக்குமா என்று பெரியாத்தாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவன் மேலேயும் கோபம் வந்தது.

ஆத்தாவிடம் போனேன். "வேண்டாம்னு சொல்லு ஆத்தா."

"நான் சொல்லி எது நின்னுருக்கு?" என்றாள். "போயி அவனக் குளிக்கச் சொல்லு."

அப்பச்சியிடம் போனேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே வேறு எங்கோ பார்த்தார். "அண்ணன் வாய் விட்டுக் கேட்டுட்டாக. நான் எப்புடித்தா மாட்டேன்னு சொல்றது?"

சுவீகாரத்துக்கு முதல் நாள். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேவகோட்டையிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து வீடு அசந்திருந்த நேரம், பெரியப்பச்சி வழக்கம்போல வளவில் பாயில் சாய்ந்திருந்தார். நான் சீட்டு டப்பாவோடு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு ஆட்டம் போடுவமா பெரியப்பச்சி?"

"போடுவமே. இங்குட்டு வெளிச்சத்துக்கு வா. என்ன பந்தயம், மிட்டாயா?"

"நான் ஜெயிச்சா தம்பிய பினாங்குக்குக் கொண்டுபோகக் கூடாது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து நேராக உட்கார்ந்தார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"இப்புடிக் கேக்கச் சொல்லி யாரும் சொல்லிவிட்டாகளா?"

"இல்ல. நானாத்தான் கேக்குறேன்."

"நீ தோத்துட்டா?"

"அழ மாட்டேன். அவன் பெட்டிய நானே அடுக்கித் தாரேன்."

பெரியவர் ஒருவர் சின்னப் பெண்ணிடம் இப்படிப் பந்தயம் கட்டலாமா என்று கேட்டால், கட்டக் கூடாதுதான். அதட்டி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"பினாங்குக்குக் கொண்டுபோகக் கூடாது. அம்புட்டுத்தானே நீ கேக்குறது?"

"அம்புட்டுத்தான்."

"சரி. சீட்டப் போடு."

தம்பி எங்கிருந்தோ ஓடி வந்து, கொட்டை எண்ணுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். பந்தயம் தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியாது.

அந்த ஆட்டத்தைப் போல ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன்பும் ஆடவில்லை, பின்பும் ஆடவில்லை. ஒவ்வொரு சீட்டையும் இறக்குவதற்கு முன்னால் பெரியப்பச்சி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு யோசித்தார். என் ஆமையைத் தண்ணீர்க் கையால் அடித்தார். என் மந்திரவாதியை வந்த வேகத்தில் சாய்த்தார். நானும் அவர் பிராணிகளை ஒவ்வொன்றாக ஒழித்தேன். தம்பி என் பக்கத்திலிருந்து கொட்டைகளை எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டே இருந்தான். விரல் வேர்த்து, சீட்டு கையில் ஒட்டியது.

ஒரு கட்டத்தில் எனக்கு யாளி வந்தது. பலம் ஆறு. அதைவிடப் பெரிய பிராணி கட்டில் கிடையாது. மற்றவை எல்லாம் இறங்கிய அடுத்த முறையில்தான் பாய முடியும், யாளி இறங்கிய கையோடு பாயும். இறக்கினேன், ஏவினேன். பெரியப்பச்சியிடம் ஐந்து கொட்டை மிஞ்சியது. எனக்கு நாலு. அடுத்த முறையும் பாய்ந்தால் கதை முடிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அவர் கையில் இருந்த சீட்டை மெதுவாக என் யாளி மேல் வைத்தார். மாயக்கயிறு.

யாளியை இரண்டு விரலால் இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். தம்பி "ஐயோ ஆச்சி" என்றான். அவர் பக்கம் போனாலும் அது பாயும். எனக்கு இருப்பது நாலு, அது அடிப்பது ஆறு. தடுக்க என்னிடம் ஒரு பிராணி இல்லை.

"ஏவுறேன்த்தா" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

என் கையில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. எதிராளி ஏவும்போது குறுக்கே போடக்கூடிய சீட்டு. ஒரு வீட்டு வாசலில் விளக்கு எரிகிற படம். அதுவரை அதை உருப்படியான சீட்டாகவே நான் மதித்ததில்லை. 'நீ உடையவனாக உள்ள ஒரு பிராணி உன் கைக்குத் திரும்பட்டும்' என்று அதில் இருந்தது. நான் அதைப் போட்டேன்.

"யாளி என் கைக்கு வருது."

"அதெப்புடி வரும்? அது எங்கிட்டல்ல நிக்குது."

"நிக்குது. ஆனா அத உடையவ நான். என் கட்டுல இருந்து வந்த சீட்டு."

பெரியப்பச்சி விளக்குச் சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு மாயக்கயிற்றைப் படித்தார். அவருக்கு இங்கிலீஷ் என்னைவிடப் பலமடங்கு நன்றாகத் தெரியும். "கயிறு கட்டுன வரைக்கும் அந்தப் பிராணி எல்லா விதத்துலயும் கட்டுனவன் பேச்சத்தான் கேக்கும்னு போட்டுருக்கு. எல்லா விதத்துலயும். அப்பறம் எப்புடி ஒன்னோடதாகும்?"

அது நியாயமான கேள்வி. விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். எந்தப் பக்கம் என்று தெரியும், ஆனாலும் பக்கம் அகப்படவில்லை. தாள்கள் ஒட்டிக்கொண்டன. தம்பி எட்டிப் பார்த்து வெளிச்சத்தை மறைத்தான், அவனைத் தள்ளினேன். கடைசியில் அந்த வரி கிடைத்தது. விரலை வைத்துத் தமிழில் உரக்கச் சொன்னேன்.

"பிராணி கேக்குறது ஆள்றவன் பேச்ச. ஆள்றவன் மாறுனாலும் உடையவன் மாற மாட்டான். ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவன்தான் கடைசி வரைக்கும் உடையவன்."

பின்னால் ஏதோ அரவம் கேட்டுத் திரும்பினேன். அடுப்படியிலிருந்து ஒரு பாத்திரத்தோடு வந்த ஆத்தா தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. விளையாட்டைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்காதவள்.

"அப்புடியா போட்டுருக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா ஆத்தா. பாரு, இந்தா."

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பச்சியைப் பார்த்தாள். புருஷனின் அண்ணன் முகத்தை அவள் அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ஆத்தா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெரியப்பச்சி புத்தகத்தை வாங்கி, அந்த வரியை ஒரு தடவை படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு யாளியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ சொல்றதுதான்த்தா சரி."

என் முறை வந்தது. யாளியை இறக்கினேன், ஏவினேன். அவரிடமும் தடுக்க எதுவும் இல்லை. தம்பி ஐந்து கொட்டையையும் அள்ளி மேலே எறிந்து குதித்தான். நான் குதிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றால் அழ மாட்டேன் என்றுதானே சொல்லியிருந்தேன், ஜெயித்ததற்கு அழுதால் குற்றமில்லை என்று அப்போதும் சட்டம் பேசிக்கொண்டேன். பெரியப்பச்சி சீட்டுகளைப் பிரித்து, என்னுடையதை என்னிடமும் தன்னுடையதைத் தம்பியிடமும் கொடுத்தார்.

"சொன்னது சொன்னதுதான். அவன் இங்குட்டே இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பையன் பினாங்குக்கு வர வேண்டாம், இங்கேயே பழகின பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும், நாங்கள் வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றார். பெரியாத்தா முகம் சுண்டிவிட்டது, ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. தேவகோட்டை உறவுக்காரர்கள் அவர் பெருந்தன்மையைப் புகழ்ந்து தள்ளினார்கள். அப்பச்சி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் யாரால் நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மறுநாள் சுவீகாரம் நடந்தது. அதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லையே. கேட்கத் தோன்றவும் இல்லை. தம்பி எங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறான் என்றான பிறகு, மஞ்சள் தண்ணீர் குடித்தால் என்ன, பானகம் குடித்தால் என்ன என்றுதான் இருந்தேன். தம்பி சரிகை வேட்டியை இடுப்பில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொடுத்தோம் என்று சொல்லச் சொன்னார்கள். அப்பச்சி சொன்னார். ஆத்தா சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி மஞ்சள் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைக் கோணி, என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான். பெரியப்பச்சி அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இனிமேல் இவன் யார் மகன் என்பதை ஒரு பெரியவர் எழுந்து நின்று சபைக்குச் சொன்னார். அந்த நேரத்தில் நான் லட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவர்கள் கிளம்பினார்கள். சென்னைக்கு ரயில் ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் காரைக்குடி ஸ்டேஷனுக்குப் போனோம். பெட்டிகளை ஏற்றும்போதெல்லாம் நான் தம்பியின் கையை விடவில்லை. கடைசி நேரத்தில் பெரியப்பச்சி மனம் மாறிவிடுவாரோ என்று பயம் இருந்தது. அவர் மாறவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். பெரியாத்தா தம்பிக்கு முத்தம் கொடுத்து, சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு, பிறகு ஆத்தாவின் கையைப் பிடித்தார்.

"எங்க பிள்ளைய நல்லாப் பாத்துக்கத்தா. வெயில்ல விட்றாத. எண்ணெ தேச்சுவிட மறந்துறாத."

"சரிங்க ஆச்சி" என்றாள் ஆத்தா. "பத்திரமாப் பாத்துக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெற்றவளிடமே வந்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடு என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே! வீடு திரும்பும் காரில் பெரியாத்தா மாதிரியே குரலை இழுத்துப் பேசிக் காட்டினேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆத்தா சிரிக்கவில்லை. சிரித்துக் களைத்த தம்பி வழக்கம்போல அவள் மடியில் ஏறப் போனான். அவள் அவன் சட்டைக்குள் கையை விட்டு, சங்கிலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். காலில் ஒட்டியிருந்த ஸ்டேஷன் மண்ணைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவனை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெரியாத்தா ஊருக்குப் போனதற்கு இவ்வளவு அழுகையா என்று நான் நினைத்துக்கொண்டேன்.